தில்லிக் காற்றைப் பற்றிய நம் பயங்களில் எதற்கு ஆதாரம் இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் தில்லித் தமிழர் வீடுகளில் இரண்டு பேச்சு ஆரம்பித்துவிடும். ஒன்று தீபாவளி, இன்னொன்று காற்று. நான் ஆர்.கே.புரத்தில் 24 வருடமாக இருக்கிறேன். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டில் பார்க்கிறவர்களும் கரோல் பாக்கில் முருங்கைக்காய் வாங்க வருகிறவர்களும் என்னை நிறுத்திக் கேட்பார்கள். ஊரிலிருந்து போனிலும் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எது உறுதி, எது ஓரளவு உறுதி, எது வெறும் பேச்சு என்று பிரித்துச் சொல்ல முயன்றிருக்கிறேன்.

"நாங்களும் இதே ஊரில்தானே 40 வருடமாக இருக்கிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

இதை எனக்கு மிகவும் வேண்டிய ஒரு மாமா சொன்னார். அவர் நன்றாகத்தான் இருக்கிறார், இன்னும் பல காலம் இருக்க வேண்டும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறவர்கள் யார்? ஒன்றும் ஆகாதவர்கள் மட்டும்தான். ஆனவர்கள் கேட்க வரமாட்டார்கள். பீடி குடித்தே 85 வயது வரை வாழ்ந்த தாத்தா எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அதனால் பீடி நல்லது என்று ஆகிவிடாது. ஒரு ஆளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

அப்படி என்ன ஆதாரம் இருக்கிறது? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

முதலில் ஆதாரம் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: என் மகள். ஏழு வயதில் அவளுக்கு இழுப்பு வந்தது. ஒரு டாக்டர் "தூசி அலர்ஜி, போகப்போகச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். இன்னொருவர் மூச்சின் வேகத்தை ஊதிப் பார்க்கும் சின்னக் குழாய் ஒன்றைக் கொடுத்து, தினமும் காலையில் மூன்று தடவை ஊதச் சொல்லி, அதிகமாக வந்த எண்ணைக் குறித்து வைக்கச் சொன்னார். நான்கு கோடு நோட்டில் எழுதினேன். அக்டோபர் தொடக்கத்தில் 220-ஐத் தொட்ட முள், நவம்பர் இரண்டாம் வாரத்தில் 160-ஐத் தாண்டவில்லை. விடுமுறைக்குக் கும்பகோணம் போய்ப் பத்து நாள் ஆனதும் மறுபடி ஏறியது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. ஆனால் அது சந்தேகத்துக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். ஊரில் தூசி மட்டுமா மாறியது? குளிர் இல்லை, பள்ளி இல்லை, பாட்டி கையால் சாப்பாடு. இதில் எது காரணம் என்று ஒரு குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது.

இனி உண்மையான ஆதாரத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஆறு ஊர்களில் 8,111 பேரை 14 முதல் 16 வருடம் வரை பின்தொடர்ந்தார்கள். 1993-ல் முடிவு வந்தது. புகைப்பழக்கம், உடல் எடை, படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், மிக அழுக்கான காற்று உள்ள ஊரில் இறப்பு விகிதம் மிகச் சுத்தமான ஊரைவிட 26 சதவீதம் அதிகம். காற்றில் எந்தப் பொருள் அதிகமாக இருந்ததோடு இது ஒட்டிப் போனது என்று பார்த்தால், நுண்துகள். இன்று நாம் பிஎம் 2.5 என்கிறோமே, அதே வகைதான்: 2.5 மைக்ரானுக்குக் குறைவான துகள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது.

"ஊருக்கு ஊர் ஆயிரம் வித்தியாசம் இருக்குமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு யூட்டா மாநிலத்துப் பள்ளத்தாக்கு ஒன்று பதில் சொன்னது. அங்கே ஒரு எஃகு ஆலை 1986 ஆகஸ்டில் மூடி, 13 மாதம் கழித்துத் திறந்தது. அதே ஊர், அதே மக்கள், அதே குளிர். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழல் நோயால் மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகள், மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. எனக்கு எல்லா ஆய்வுகளிலும் மனதில் நிற்பது இதுதான். காரணத்தை எடுத்தார்கள், நோய் இறங்கியது. திருப்பி வைத்தார்கள், நோய் ஏறியது.

தெற்குக் கலிபோர்னியாவில் குழந்தைகளை 10 வயதிலிருந்து 18 வயது வரை ஊதவைத்துப் பார்த்தார்கள். என் மகள் ஊதியது போலத்தான், ஆனால் 12 ஊர்களில், இன்னும் நுட்பமான கருவியில். அழுக்கான காற்றில் வளர்ந்தவர்களின் நுரையீரல் குறைவாக வளர்ந்திருந்தது. பிறகு அந்தப் பகுதியில் காற்று சுத்தமானது. அடுத்து வந்த குழந்தைகளின் நுரையீரல் முன்னவர்களைவிட நன்றாக வளர்ந்தது. பெய்ஜிங்கில் 2008 ஒலிம்பிக்குக்காகச் சில வாரம் காற்றைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் எட்டாம் மாதக் கர்ப்பமாக இருந்த பெண்களின் குழந்தைகள் சராசரியாக 23 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தன.

வேறு வேறு நாடு, வேறு வேறு முறை, ஒருவரை ஒருவர் அறியாத ஆய்வாளர்கள். எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. அளவு கூடினால் பாதிப்பு கூடுகிறது, குறைந்தால் குறைகிறது. உறுதியான ஆதாரம் என்று நான் சொல்வது இதைத்தான். 2013-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. புகையிலையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. இரண்டின் ஆபத்தும் ஒரே அளவு என்று இதற்குப் பொருள் அல்ல. புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று அவ்வளவு உறுதி என்பதுதான் பொருள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் டப்ளினில் 1990-ல் புகை கக்கும் நிலக்கரி விற்பனையைத் தடை செய்தார்கள். மூச்சு நோய் இறப்பும் இதய நோய் இறப்பும் இரண்டுமே குறைந்தன என்று முதலில் வந்தது. பிறகு அதே ஆய்வாளர்கள் சிலர் திரும்பக் கணக்குப் போட்டார்கள். மூச்சு நோய் இறப்பு குறைந்தது என்ற முடிவு நிலைத்தது. இதய நோய் இறப்பு தடை இல்லாத இடங்களிலும் குறைந்துகொண்டுதான் இருந்தது என்று தெரிந்து, முடிவின் அந்தப் பாதியை அவர்களே விலக்கிக்கொண்டார்கள். தன் தவறைத் தானே சொல்கிற ஆய்வை நான் அதிகம் நம்புகிறேன்.

எல்லாம் வெளிநாட்டு ஆய்வு. நம் உடம்பு பழகியிருக்குமே?

பழகவில்லை. 2024-ல் இந்தியாவின் 655 மாவட்டங்களின் இறப்புக் கணக்கை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஆண்டுச் சராசரி பிஎம் 2.5 ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு 8.6 சதவீதம் கூடுகிறது என்றது. அதே வருடம் இன்னொன்று, பத்து நகரங்களைப் பற்றி: சென்னை, பெங்களூரு, மும்பை, தில்லி எல்லாம் அதில் உண்டு. 2008 முதல் 2019 வரை தில்லியில் நடந்த இறப்புகளில் சுமார் 11.5 சதவீதம், உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு நாள் வரம்பைத் தாண்டிய நுண்துகளோடு தொடர்புடையது என்று கணக்கிட்டார்கள். பத்தில் இதுதான் அதிகம்.

குழந்தைகளைப் பற்றி அதற்கு முன்பே தெரியும். கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் தில்லிப் பள்ளிகளில் 11,628 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். நுரையீரல் செயல்பாடு குறைந்திருந்தவர்கள் 43.5 சதவீதம். மாசு குறைந்த கிராமப்புறக் குழந்தைகளில் அது 25.7 சதவீதம். இந்தக் குழந்தைகள் இப்போது வேலைக்குப் போகிற வயதில் இருப்பார்கள். என் மாணவர்களும் அதே தலைமுறைதான்.

காற்றால் இறந்தார் என்று ஒரு சான்றிதழையாவது காட்ட முடியுமா?

லண்டனில் ஒன்று இருக்கிறது. எல்லா அடூ கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, போக்குவரத்து மிகுந்த சாலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவள், 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் அம்மா விடவில்லை. ஏழு வருடத்துக்கும் மேல் போராடி, 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசு இந்த மரணத்துக்குக் காரணங்களில் ஒன்று என்று எழுதினார்.

மற்றபடி யாருடைய சான்றிதழிலும் காற்று என்று எழுதுவதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா என்றுதான் இருக்கும். புகைபிடித்தவர் சான்றிதழிலும் சிகரெட் என்று எழுதுவதில்லையே. சான்றிதழில் இல்லை என்பதை வைத்து ஆதாரம் இல்லை என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன், கொஞ்சம் கோபத்தோடு.

ஒரு ஆப் 480 என்கிறது, இன்னொன்று 900 என்கிறது. எதை நம்புவது?

இரண்டும் ஒரே காற்றை வேறு வேறு அளவுகோலால் அளக்கின்றன. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஏக்யூஐ என்கிற காற்றுத் தரக் குறியீடு 500-ல் நின்றுவிடும். காற்று அதைவிட மோசமானாலும் 500-தான். போதாததற்கு, அது 24 மணி நேரச் சராசரி. வெளிநாட்டு அளவுகோலில் கணக்கிடும் சில ஆப்கள் 500-ல் நிறுத்துவதில்லை, அதனால் எண் ஏறிக்கொண்டே போகும்.

அந்த எண்ணை விட்டுவிட்டு, பிஎம் 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்று பாருங்கள். ஒரு நாளைக்கு இந்திய வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. நவம்பரில் 250, 300 என்று வரும் நாளில் எந்த ஆப்பை நம்பினாலும் விஷயம் ஒன்றுதான்.

மார்கழி விடியற்காலையில் ஓசோன் இறங்கி வரும், அந்தக் காற்று உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

வருடா வருடம் மார்கழி முதல் தேதி இந்தச் செய்தி எனக்கு நான்கு குழுக்களிலிருந்து வரும். சொல்ல மனசு வராது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்: இதற்கு ஆதாரம் இல்லை, தில்லியில் இது நேர் எதிர்.

வானத்தின் உச்சியில் இருக்கிற ஓசோன் நம்மைக் காக்கிறது. தரைமட்டத்து ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. அதுவும் அது வெயிலில் உண்டாவது, விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும். ஆக, ஓசோன் இறங்கி வருவதும் இல்லை, வந்தால் நல்லதும் இல்லை.

அப்புறம், தில்லிக் குளிர்காலத்தில் இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரைக்கு மேல் குளிர்ந்த காற்று, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று, இப்படித் தலைகீழாக நிற்கும்போது மேலே இருப்பது மூடிபோல் ஆகிவிடுகிறது. சமையலறையில் புகைபோக்கியை அடைத்துவிட்டு அடுப்பெரித்தால் எப்படி இருக்கும்? அதுதான். இரவு முழுக்க லாரிப் புகை, காவலாளிகள் குளிர்காயும் விறகுப் புகை, தொழிற்சாலைப் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழே தேங்குகிறது. வெயில் ஏறினால்தான் மூடி தூக்கும். அதனால் குளிர்காலத்தில் பின்னிரவிலிருந்து காலை வரை மோசம், பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை ஓரளவு பரவாயில்லை.

திருப்பாவையை விட வேண்டாம், கோலத்தையும் விட வேண்டாம். நான் இப்போது ஒன்பது மணிக்குக் கோலம் போடுகிறேன். ஐந்தரைக்குப் போட்ட நாட்களில் மாவு டப்பாவோடு குனிந்து நிமிர்வதற்குள் தொண்டை கரகரக்கும். வாசல் விளக்கின் ஒளியில் துகள் மிதப்பது கண்ணுக்கே தெரியும். ஆஸ்துமா உள்ளவர்களும் இதய நோய் உள்ளவர்களும் விடியற்காலை நடைப்பயிற்சியை மட்டுமாவது தை பிறக்கும் வரை பிற்பகலுக்கு மாற்றுங்கள்.

எல்லாம் பஞ்சாப் வைக்கோல் புகைதானே?

அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் மத்தி வரை சில நாட்களில் அதன் பங்கு பெரியது, மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் வயலில் எரிக்க வைக்கோலே இல்லை, காற்று அப்போதும் கடுமைதான். வண்டிகள், அனல்மின் நிலையங்கள், கட்டடத் தூசி, குப்பை எரிப்பு, விறகடுப்பு எல்லாம் வருடம் முழுக்க இருக்கிறவை.

வெல்லம், மஞ்சள் பால், மணி பிளான்ட்: இவை காப்பாற்றுமா?

வெல்லம் நுரையீரலைக் கழுவும் என்பதற்கு மனிதர்களிடம் நிரூபணம் இல்லை. மஞ்சள் பால் குடிக்க இதமாக இருக்கும், குடியுங்கள். செடி விஷயத்துக்கு ஒரு வேர் உண்டு: 1989-ல் நாசா, மூடிய சின்னப் பெட்டிக்குள் செடி வைத்துச் சில வாயுக்கள் குறைவதைக் கண்டது. வீடு மூடிய பெட்டி அல்ல. 2019-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, ஜன்னல் வழியாக இயல்பாக வரும் காற்றுக்கு ஈடு கொடுக்க ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டியிருக்கும் என்று தெரிந்தது.

இதைவிட முக்கியமாக, வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் புகையைப் பாருங்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் அளந்து சொன்னார்கள். கதவைச் சாத்தி, காற்றை வடிகட்டும் பியூரிஃபையர் போட்டு, மூலையில் சுருளையும் ஏற்றி வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சாம்பிராணியை வெள்ளிக்கிழமை ஒரு வேளை, ஜன்னலைத் திறந்துவைத்துப் போடலாம். குழந்தை குளித்ததும் தலைமுடிக்குப் புகை காட்டுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மாஸ்க், பியூரிஃபையர் வாங்கினால் பிரயோஜனம் உண்டா?

உண்டு, சரியாகப் பயன்படுத்தினால். என்95 மாஸ்க் துகளில் 95 சதவீதத்தையாவது வடிகட்டும், ஆனால் மூக்கின் மேல் கம்பியை அழுத்தி, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் போட வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. துவைத்தால் கெட்டுவிடும். துணி மாஸ்க், துப்பட்டா எல்லாம் இந்தத் துகளுக்குச் சல்லடை மாதிரி.

பியூரிஃபையரில் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஓசோன் வெளிவிடும் வகை வேண்டாம். தூங்கும் அறையில் வைத்தால் போதும், ஒரு நாளில் எட்டு மணி நேரம் அங்கேதானே இருக்கிறோம். எங்கள் வீட்டில் புது வடிகட்டியை உறை பிரிக்கும்போது வேட்டி வெளுப்பில் இருக்கும். ஜனவரி கடைசியில் கழற்றினால் தோசைக்கல்லின் அடிப்பக்கம். நம்பாமல் இருந்த என் மாமனார் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கை கழுவப் போனார். அடுத்த நாளிலிருந்து அவரே ராத்திரி எட்டு மணிக்கு ஸ்விட்ச் போட ஆரம்பித்தார்.

வீட்டுப் பெரியவர்கள் நம்பவில்லை. எப்படிச் சொல்வது?

பெரிதுபடுத்தாமல் சொல்லுங்கள். "தில்லியில் மூச்சு விட்டால் ஒரு நாளைக்கு 40 சிகரெட்" என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. நாள் முழுக்க 22 மைக்ரோகிராம் காற்றில் இருந்தால் ஒரு சிகரெட் என்று 2015-ல் ஒரு ஆய்வுக் குழு போட்ட தோராயக் கணக்கு அது. மக்கள்தொகை அளவில் இறப்பை ஒப்பிட்டது. மோசமான நாட்களின் எண்ணை எடுத்து, வருடம் முழுக்க அப்படி என்று சொன்னால் பொய்யாகிவிடும். அந்த ஒரு பொய்யைப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டால், நீங்கள் சொல்லும் மற்ற ஒன்பது உண்மையையும் தள்ளிவிடுவார்கள்.

ஆகவே, "இதயத்தையும் நுரையீரலையும் பாதிக்கிறது" என்பதை உறுதியாகச் சொல்லுங்கள். ஞாபக மறதி நோய், சர்க்கரை நோய் பற்றி, "தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன" என்று ஒரு படி இறக்கிச் சொல்லுங்கள். "இந்த இருமல் நிச்சயம் காற்றால்தான்" என்று தனி ஒருவரைப் பற்றிச் சொல்லவே சொல்லாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இது மாறவே மாறாதா?

மாறும், இங்கேயே மாறியிருக்கிறது. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தில்லிப் பேருந்துகளையெல்லாம் சிஎன்ஜி என்கிற அழுத்திய இயற்கை எரிவாயுவுக்கு மாற்றச் சொன்னது. தவணை மேல் தவணை கேட்டும், 2002 முடிவதற்குள் டீசல் நகரப் பேருந்து இல்லாமல் போனது. நான் வந்த புதிதில் பேருந்துக்குப் பின்னால் கறுப்புப் புகை கிளம்பும், முந்தானையால் மூக்கைப் பொத்துவோம். அது போயிற்று. அதன் பிறகு வண்டிகளின் எண்ணிக்கை அந்த லாபத்தைத் தின்றுவிட்டது. பெய்ஜிங்கில் 2013-ல் 89.5 மைக்ரோகிராமாக இருந்த பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி 2021-ல் 33 ஆனது. எட்டே வருடம்.

ஆனால் கன்னாட் பிளேஸில் 2021-ல் திறந்த 24 மீட்டர் புகைக் கோபுரம், அதாவது வெளிக்காற்றை இழுத்து வடிகட்டும் கோபுரம், போன்றவை வழி அல்ல. திறந்த வானத்துக்கு வடிகட்டி வைக்க முடியாது. புகை கிளம்பும் இடத்தில் தடுக்க வேண்டும்.

பேசாமல் சென்னைக்கே போய்விடலாமா?

தில்லியைவிட நிச்சயம் நல்ல காற்று. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டு வரம்பு 5 மைக்ரோகிராம். சென்னை அதைப் போலப் பல மடங்கு. போகி அன்று காலை விமானம் இறங்க முடியாத அளவு புகை சூழ்ந்த வருடங்களும் உண்டு.

இங்கே போகியும், பஞ்சாபிகள் தீ மூட்டிக் கொண்டாடும் லோடியும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ வரும். எங்கள் குடியிருப்பில் நான்கு வருடமாகப் பழைய பாயையும் துணியையும் எரிப்பதில்லை. படிக்கட்டுக்குக் கீழே மூட்டையாகக் கட்டி வைக்கிறோம், பழைய துணி எடுப்பவர் பத்து மணிக்கு வந்து வாங்கிப் போகிறார். முதல் வருடம் வருத்தப்பட்ட மூன்றாம் மாடி மாமிதான் இப்போது மூட்டை கட்டுவதற்குக் கயிறு கொண்டுவருகிறார்.